ஒப்பந்தம் யார் பெயரில்? தென்கொரியாவில் ஓர் ஆங்கில ஆசிரியருக்குக் கிடைத்த இலவச வீடு

2023 மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பெரியப்பா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த ஓர் ஏ4 தாள். கையால் எழுதிய நாலு வரி கொரிய மொழி, கீழே ஒரு போன் நம்பர். "அண்ணா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. குப்பையைச் சரியாப் பிரிச்சுப் போடலைன்னு திட்டறாங்களா?" என்று கேட்டிருந்தாள். படித்தேன். குப்பை விஷயம் இல்லை. நான்கு மாதமாக வாடகை வரவில்லை, ஏப்ரல் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து தரவும் என்று எழுதியிருந்தது.

அவள் வாடகை கட்ட வேண்டியவளே இல்லை. வீடு இலவசம் என்று சொல்லித்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் பலருக்கு வேலை தருபவரே வீடும் தருகிறார். போகும் முன் எல்லோரும் கேட்பது வீடு எப்படி இருக்கும், ஏசி உண்டா, ஸ்கூலுக்குப் பக்கமா என்றுதான். கேட்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைத் தங்கையும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. நான் அப்போது தேஜோன் நகரத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அவள் வீடு எனக்கு மெட்ரோவில் மூன்று ஸ்டேஷன் தூரம். கொரிய மொழி எனக்குப் படிக்கவும் ஓரளவு பேசவும் வரும் என்பதால் அந்த வீட்டு விவகாரம் முழுவதும் என் கை வழியாகத்தான் போனது. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வேலையும் வீடும் ஒரே தாளில்

பெரியப்பா குடும்பம் டொராண்டோவில் இருக்கிறது. தங்கை அங்கேயே பிறந்தவள், கனடா பாஸ்போர்ட். அது இல்லாவிட்டால் இந்த வேலையே கிடைத்திருக்காது. கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தரும் ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. 2010 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம் இந்தியர்களுக்கும் ஒரு சின்ன வாசலைத் திறந்தது. ஆனால் அது ஆசிரியர் தகுதிச் சான்று உள்ளவர்கள் பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேர்வதற்கு மட்டும். தங்கை சேர்ந்ததுபோன்ற தனியார் டியூஷன் சென்டர்களுக்கு அந்த வழியில் போக முடியாது.

அந்த டியூஷன் சென்டருக்கு அங்கே ஹாக்வோன் என்று பெயர். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக அங்கேதான் போவார்கள். தேஜோனில் துன்சான்-தோங் பக்கம் நடந்தால் ஒரே கட்டடத்தில் கணக்குக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, பியானோவுக்கு ஒன்று என்று போர்டுகள் தொங்கும். ஹாக்வோன் நடத்துபவரை வன்ஜாங் என்பார்கள்.

வேலை தருபவர் வீடும் தருவதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. கொரியாவில் வீடு பிடிக்க நிறைய முன்பணம் வேண்டும். 'ஜொன்செ' என்று ஒரு முறை. நம் ஊரில் வீட்டை ஒத்திக்கு, லீஸுக்கு விடுவார்களே, கிட்டத்தட்ட அதேதான். பெரிய தொகையை மொத்தமாக ஓனரிடம் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் வாடகை இல்லாமல் இருந்து, போகும்போது முழுவதையும் திருப்பி வாங்கிக்கொள்வது. இன்னொன்று 'வொல்செ', அட்வான்ஸும் உண்டு, மாத வாடகையும் உண்டு. வொல்செயில் ஓர் ஒற்றை அறைக்கே 30 லட்சம் வொன், 50 லட்சம் வொன் என்று அட்வான்ஸ் கேட்பார்கள். 30 லட்சம் வொன் என்பது அன்றைய கணக்கில் சுமார் ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய். இரண்டு சூட்கேஸோடு வந்து இறங்குகிற, கொரிய மொழி ஒரு வார்த்தை தெரியாத இருபத்து நாலு வயதுப் பெண்ணால் இதைப் புரட்டவும் முடியாது, புரோக்கரிடம் பேசவும் முடியாது. அதனால் வேலை தருபவர் தன் பெயரில் வீடு எடுத்துக் கொடுக்கிறார். 1995-ல் தொடங்கிய எபிக் என்ற அரசுத் திட்டமும் இதைத்தான் செய்கிறது. அரசுப் பள்ளிக்கு வரும் ஆசிரியர் அவர்கள் தரும் வீட்டில் தங்கலாம், அல்லது தானே வீடு பார்த்துக்கொண்டு வீட்டுப் படி வாங்கிக்கொள்ளலாம். அப்போது அது மாதம் 4 லட்சம் வொன்.

தங்கைக்கு வந்த ஒப்பந்தத்தில் சம்பளம் 23 லட்சம் வொன். வீட்டைப் பற்றி மூன்று இடத்தில் பேச்சு. ஒன்று, தனி வீடு, அடிப்படைச் சாமான்களோடு, வாடகை இல்லாமல். இரண்டு, சேதத்துக்கு ஈடாக முதல் மூன்று மாதச் சம்பளத்தில் 3 லட்சம் வீதம் 9 லட்சம் பிடித்து வைத்து, வேலை முடியும்போது திருப்பித் தருவது. மூன்று, மெயின்டனன்ஸ் மாதம் 50,000 வொன் சம்பளத்தில் கழிப்பது. எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்று எதுவும் இல்லை. அவள் கேட்டதற்கு, "டோன்ட் வொர்ரி, வெரி கிளீன், வெரி சேஃப்" என்று பதில் வந்தது.

அவள் புறப்பட இருந்த ஆகஸ்டில்தான் சியோலில் பெருமழை கொட்டியது. 2022 ஆகஸ்ட் 8 இரவு, சில்லிம்-தோங்கில் பாதி தரைக்குக் கீழே இருந்த ஒரு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். செய்தியைப் பார்த்த பெரியம்மா எனக்குப் போன் செய்து கேட்டது ஒரே கேள்வி: "இவ வீடு தரைக்கு மேலேயா, கீழேயா?" ஒப்பந்தத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் வன்ஜாங்குக்குப் போன் போட்டு, மூன்றாவது மாடி என்று தெரிந்துகொண்டு பெரியம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கே இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஆறு பியோங்

ஆகஸ்ட் கடைசியில் அவள் வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை மணி. கல்மா-தோங் பகுதி. தேஜோனில் சின்னச் சின்ன ஒற்றை அறை வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடம் அது. நாலு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. மேல்மாடியில் வீட்டுக்காரம்மா, கீழே எல்லாம் வாடகைக்கு.

கதவைத் திறந்தால் செருப்பு விட ஒரு முழம் இடம். அதைத் தாண்டி ஒரே அறை. கொரியர்கள் இதை வன்ரூம் என்பார்கள். ஆறு பியோங், பியோங் என்பது அவர்களுடைய பழைய அளவு, ஒரு பியோங் 3.3 சதுர மீட்டர். அதாவது 20 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நம் கணக்கில் 215 சதுர அடிக்குள். தனி ஆளுக்குக் குறைந்தது 14 சதுர மீட்டராவது வேண்டும் என்பது 2011 முதல் கொரிய அரசு வைத்திருக்கும் அளவுகோல். ஆக, அளவில் குறை சொல்ல முடியாது. படுக்கையிலிருந்து எழுந்தால் ஐந்தாவது எட்டில் அடுப்பு. இரண்டு பர்னர், ஓவன் கிடையாது. கனடாவில் ஓவனில் சமைத்துப் பழகியவளுக்கு அது ஒரு குறை. எனக்கு அதைக் குறையாகவே தோன்றவில்லை. வாஷிங் மெஷின் ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடி போட்டு மூடிய ஒடுக்கமான வெராண்டாவில்.

குளியலறையைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. தனியாக ஷவர் அறை, திரை எதுவும் இல்லை. கை கழுவும் பேசின் குழாயிலிருந்துதான் ஷவர் டியூபும் போகிறது. ஒரு சின்ன லீவரைத் திருப்பினால் தண்ணீர் குழாயில் வரும், இன்னொரு பக்கம் திருப்பினால் மேலே ஷவரில் வரும். குளித்துவிட்டு லீவரைத் திருப்ப மறந்தால், அடுத்த முறை கை கழுவக் குழாயைத் திறக்கும்போது தலையில் கொட்டும். முதல் வாரத்திலேயே வேலைக்குப் புறப்பட்ட உடையோடு இரண்டு தடவை நனைந்தாள். நம் ஊர்க் குளியலறை மாதிரி தரை முழுக்க நனையும், தண்ணீர் ஓட ஜாலி வைத்த துவாரம் இருக்கும், வாசலில் ரப்பர் செருப்பு இருக்கும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

'அடிப்படைச் சாமான்கள்' என்றால் என்ன என்பது அன்று இரவுதான் தெரிந்தது. கட்டில், நடுவில் குழி விழுந்த மெத்தை, மேஜை, நாற்காலி, அலமாரி, ஃபிரிட்ஜ். தலையணை, போர்வை இல்லை. பழைய டீச்சர் விட்டுப்போன அரை மூட்டை அரிசியும், திறந்தால் கிம்ச்சி வாடை அடிக்கும் ஒரு டப்பாவும் இருந்தன. நான் கொண்டுபோன பெட்ஷீட்டை விரித்துக் கொடுத்துவிட்டு, தூங்கும் முன் ஒரு வேலை செய்யச் சொன்னேன். எல்லாச் சுவரையும், மூலைகளையும், அலமாரிக்குப் பின்பக்கத்தையும், பாத்ரூம் டைல்ஸையும் போனில் படம் எடுக்கச் சொன்னேன். நாற்பத்து மூன்று படம் எடுத்தாள். அலமாரிக்குப் பின்னால் வால்பேப்பரில் தட்டு அகலத்துக்கு ஒரு மங்கலான பழுப்புக் கறை இருந்தது, பழைய ஓதம். அதையும் எடுத்தாள். வன்ஜாங்குக்கு அப்போதே அனுப்பி வைக்கச் சொன்னேன். "வந்த அன்னைக்கே குறை சொல்ற மாதிரி இருக்கும்ணா" என்றாள். நானும் விட்டுவிட்டேன். அனுப்பியிருந்தால் பின்னால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

குளிர்காலம்

கொரிய வீடுகளில் குளிருக்குத் தரைதான் சூடாகும். ஒன்டோல் என்று பெயர். தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் பாய்லர் வெந்நீரை விடும். தரையில் உட்கார்ந்தால் வெயில் பட்ட மொட்டைமாடியில் சாயங்காலம் உட்கார்ந்த மாதிரி ஒரு இதம். பாய்லரை இயக்கச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி, எல்லாம் கொரிய எழுத்து. அதில் 'வேச்சுல்' என்று ஒரு பட்டன், வெளியே போகும்போது போட வேண்டியது. குழாய் உறைந்துவிடாமல் குறைந்த அளவில் ஓடிக்கொண்டிருக்கும். இவளுக்கு அது தெரியாது. உறைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் முழுச் சூட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். 2023 ஜனவரியில் கொரியா முழுக்கவே கேஸ் பில் எகிறியது. 'நன்பாங்பி பொக்தான்', அதாவது சூடேற்றும் செலவு வெடிகுண்டு என்று டிவியில் தினமும் செய்தி. இவளுக்கு வந்த பில் 1,28,000 வொன். வாடகை இல்லாத வீடு என்றால் கேஸ், கரண்ட், இன்டர்நெட் எல்லாம் குடியிருப்பவர் கையில்தான். கேஸ் பில் மட்டும்தான் அந்த வீட்டில் அவள் பெயருக்கு வந்த காகிதம்.

ஓதக் கறை இருந்த சுவர் வடக்குப் பார்த்தது. வெளியே மைனஸ் பத்து, உள்ளே சூடான தரை, மூடியே இருக்கும் ஜன்னல். சுவரில் வேர்த்து, டிசம்பர் நடுவில் பூசணம் பிடிக்க ஆரம்பித்தது. முதலில் மிளகு தூவின மாதிரி புள்ளிகள். ஜனவரியில் அலமாரியை நகர்த்தினால் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பு. அங்கே தொங்கவிட்டிருந்த பெரியம்மாவின் பட்டுப் புடவை ஒன்றின் மடிப்பில் சாம்பல் நிறக் கோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்துதான் அவள் முதல் முறையாக அழுதாள். மார்ட்டில் 'தண்ணீர் குடிக்கும் நீர்யானை' என்று பெயர் போட்ட டப்பாக்கள் விற்கும், உள்ளே ஈரம் உறிஞ்சும் உப்பு. ஆறு வாங்கி வைத்தோம். இரண்டு வாரத்தில் ஆறிலும் தண்ணீர்.

அவள் வன்ஜாங்கிடம் சொன்னாள். அவர் ஓனரிடம் சொல்கிறேன் என்றார். மறுபடி சொன்னாள். ஜன்னலைத் திறந்து வை என்று பதில் வந்தது. மூன்றாம் தடவை பதிலே இல்லை. ஓனர் ஒரு மாடி மேலே இருக்கிறார், நேரே போய்ச் சொல்லலாமே என்று நான் கேட்டேன். "அவங்க எனக்கு யாரு? நான் அவங்களுக்கு யாரு? வன்ஜாங் கோவிச்சுக்குவார்" என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்த வீட்டில் படுத்து எழுவது அவள், வாடகைக்காரர் அவர்.

கதவு நம்பர்

டிசம்பரில் நடந்த இன்னொன்று இதைவிட மோசம். கொரியாவில் பெரும்பாலான வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது, நம்பர் போட்டுத் திறக்கும் பூட்டு. வந்த அன்று வன்ஜாங் கொடுத்த நம்பரையே அவள் வைத்திருந்தாள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தபோது காயப்போட்டிருந்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. நெஞ்சு திக்கென்றது என்றாள். எனக்குப் போன் செய்தபோது குரல் நடுங்கியது. விசாரித்தால், ஹாக்வோன் மேனேஜர் பகலில் வந்து பாய்லரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஈரத் துணி வழியில் இருந்ததால் மடித்து வைத்தாராம். அவர் பேச்சில் தப்புச் செய்த உணர்வே இல்லை. ஹாக்வோன் வீடு, ஹாக்வோன் நம்பர், போனால் என்ன என்ற எண்ணம்.

குடியிருப்பவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் நுழைவது கொரியக் குற்றவியல் சட்டப்படி குற்றம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வாழ்வது யார் என்பதுதான் கணக்கு. அன்று இரவே போய், பூட்டின் உள்பக்க பேட்டரி மூடியைக் கழற்றி, அங்கிருக்கும் பட்டனை அழுத்தி நம்பரை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. இதை முதல் நாளே செய்யாமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும் எந்தப் பெண்ணும், யார் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காமல், சூட்கேஸைத் திறக்கும் முன்னால் நம்பரை மாற்ற வேண்டும்.

நாலாவது மாடி

இப்போது கதவில் ஒட்டிய தாளுக்கு வருகிறேன்.

பிப்ரவரிச் சம்பளம் பாதிதான் வந்திருந்தது. மார்ச் சம்பளம் அதுவும் இல்லை. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர். கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளை எண்ணிக்கை 2022-ல் 0.78, 2023-ல் 0.72. சின்ன ஹாக்வோன்களுக்கு இது பேரிடி. வருமானம் இறங்கியதும் அந்த வன்ஜாங் முதலில் நிறுத்தியது சம்பளத்தை இல்லை, ஆசிரியர் வீட்டு வாடகையை. சம்பளம் நின்றால் மறுநாளே தெரிந்துவிடும். வாடகை நின்றால் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. அட்வான்ஸ் இருக்கிறவரை ஓனரும் பொறுத்துக்கொள்வார். நடுவில் நாலு மாதம் கிடைக்கும். எனக்கு இது பின்னால்தான் புரிந்தது.

நோன்சான் ஸ்ட்ராபெரி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் நாலாவது மாடிக்குப் போனோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனால், எங்களைப் பார்த்ததும் அவர்தான் சங்கடப்பட்டார். "சொன்செங்னிம் மேல எனக்கு ஒண்ணும் இல்லை" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆசிரியரை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். இவள் மாதாமாதம் வன்ஜாங்கிடம் வாடகை கொடுக்கிறாள், அவர்தான் கட்டாமல் ஏமாற்றுகிறார் என்று நினைத்திருக்கிறார். அவருக்கும் வேறு வருமானம் கிடையாது, கட்டடத்தின் மேல் கடனும் இருந்தது.

ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். அட்வான்ஸ் 30 லட்சம், வாடகை மாதம் 4 லட்சம், மெயின்டனன்ஸ் 50,000. வாடகைதாரர் பெயர்: வன்ஜாங்கின் சொந்தப் பெயர். ஹாக்வோன் பெயரில்கூட இல்லை. சின்னக் கம்பெனி தன் பெயரில் எடுத்து ஊழியரைக் குடிவைத்தால் வாடகைச் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு, 2014-ல் வந்த திருத்தம் அது. இங்கே அதுவும் பொருந்தாது. இரண்டு மாத வாடகை அளவுக்குப் பாக்கி விழுந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஓனருக்கு உரிமை உண்டு. இவருக்கு நாலு மாதப் பாக்கி. தங்கை சம்பளத்தில் மாதம் 50,000 மெயின்டனன்ஸ் என்று கழித்தார்களே, அதுவும் டிசம்பரிலிருந்து இந்த அம்மாவுக்கு வரவில்லை.

ஏப்ரல் வரைக்குமான ஐந்து மாதப் பாக்கி 22.5 லட்சத்தை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, மீதி ஏழரை லட்சத்தைத் திருப்ப வேண்டும் என்றார் அவர். அதைத் தங்கைக்குத் தர முடியுமா என்று கேட்டேன். அவரும் தரத்தான் ஆசைப்பட்டார். பக்கத்துத் தெரு புரோக்கரிடம் போனில் கேட்டார். முடியாது, ஒப்பந்தம் யார் பெயரிலோ அவர் கணக்குக்குத்தான் போக வேண்டும். இவளுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் தர வேண்டியவரின் கணக்குக்கு அந்தப் பணம் போனது.

1350

தொழிலாளர் அமைச்சகத்தின் உதவி எண் 1350. ஆங்கிலத்திலும் பேசுவார்கள். அங்கே தெரிந்துகொண்டவை பிறகு கைகொடுத்தன. வேலையை விட்ட 14 நாளுக்குள் தர வேண்டிய எல்லாப் பணத்தையும் முதலாளி தீர்க்க வேண்டும். சம்பளத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும். சேதம் வந்தால் இவ்வளவு என்று முன்கூட்டியே அபராதம் எழுதி வைத்து ஒப்பந்தம் போடவே கூடாது.

ஏப்ரல் 30-ம் தேதியோடு வேலையை விட்டாள். மே நடுவில் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். விசாரணைக்கு வன்ஜாங் வந்தார். சம்பளப் பாக்கியை ஒப்புக்கொண்டார். 9 லட்சம் மட்டும் தர முடியாது என்றார். காரணம், சுவரில் பூசணம், வால்பேப்பரை அவள் பாழாக்கிவிட்டாள். அப்போது அந்த நாற்பத்து மூன்று படங்கள் வெளியே வந்தன. முதல் இரவு எடுத்த படத்தில் அதே இடத்தில் பழுப்புக் கறை, பக்கத்தில் இன்னும் திறக்காத சூட்கேஸ், கீழே தேதி. அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு வன்ஜாங்கைப் பார்த்தார். மேற்கொண்டு அவர் வால்பேப்பர் பேச்சை எடுக்கவில்லை.

முதலாளியால் தர முடியாத சம்பளப் பாக்கியில் கடைசி மூன்று மாதத்துக்கு அரசு நிதியிலிருந்து ஓர் உச்சவரம்புக்குள் பணம் கொடுத்துவிட்டு, பிறகு முதலாளியிடம் அரசே வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடு கொரியாவில் இருக்கிறது. வெளிநாட்டவருக்கும் உண்டு. அதன் வழியாகச் சம்பளப் பாக்கி ஜூலையில் வந்துவிட்டது. பிடித்து வைத்த 9 லட்சம், முதல் மூன்று மாதத்தில் பிடித்தது என்பதால் அந்தக் கணக்கில் வராது. வன்ஜாங் இரண்டு தவணையாக 6 லட்சம் கொடுத்தார். மீதி 3 லட்சம் இன்றுவரை வரவில்லை.

பக்கத்து நாடுகளில் இதே ஏற்பாட்டுக்கு வேறு வேறு உருவம். ஜப்பானில் 1987 முதல் நடக்கும் ஜெட் திட்டத்தில் வாடகையை ஆசிரியர்தான் பெரும்பாலும் கட்டுகிறார். உள்ளூர் அலுவலகம் வீடு பார்த்துக் கொடுத்து ஜாமீன் சொல்கிறது. சீனாவில் போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்கும் வீட்டு முகவரியைப் போலீசில் பதிய வேண்டும். வேலை தருபவர் கொடுத்த வீடு என்றால் அந்தப் பதிவுக்கும் அவர் தயவு வேண்டும். உருவம் மாறினாலும், போவதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள் என்றுதான் எந்த நாட்டுக்குப் போகிறவர்களிடமும் சொல்வேன். தரமாட்டேன் என்றால், அதே வீட்டில் இப்போது இருக்கும் ஆசிரியரிடம் ஒரு வீடியோ கால் கேளுங்கள், அலமாரியை நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். படி வாங்கிக்கொண்டு சொந்தப் பெயரில் வீடு எடுக்கும் வழி இருந்து, அட்வான்ஸுக்குப் பணமும் புரட்ட முடிந்தால், அதையே எடுங்கள். முதல் வருடத்தில் எல்லோருக்கும் அது முடியாது என்பது எனக்குத் தெரியும். முடியாதவர்கள் ஓனர் யார் என்றாவது முதல் வாரமே தெரிந்துகொண்டு, படியேறிப் போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் ஏழு மாதம் கழித்துப் போனோம்.

அதே அறை

தங்கைக்கு அதே துன்சான்-தோங்கில் இன்னொரு ஹாக்வோனில் வேலை கிடைத்தது. அங்கே வீடு தரவில்லை, மாதம் 4 லட்சம் படி. வீட்டுக்காரம்மா அவராகவே கேட்டார், இங்கேயே இருக்கிறாயா என்று. அட்வான்ஸை 10 லட்சமாகக் குறைத்தார், வாடகை 4.2 லட்சம்.

கையெழுத்துப் போடும் முன் 700 வொன் கட்டி அந்தக் கட்டடத்தின் பதிவேட்டை இணையத்தில் எடுத்தேன். யாருடைய கட்டடமானாலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த வருடம் தேஜோனில் இப்படிப்பட்ட பல குடித்தனக் கட்டடங்கள் கடனில் ஏலத்துக்குப் போய், குடியிருந்த எத்தனையோ இளைஞர்கள் ஜொன்செப் பணத்தை இழந்துகொண்டிருந்த நேரம். எங்கள் கட்டடத்தின் மேல் வங்கி அடமானம் ஒன்று இருந்தது, வீட்டுக்காரம்மா சொன்ன அதே தொகை. குடியிருப்பவர் முகவரியைப் பதிந்திருந்தால் சின்ன அட்வான்ஸுக்கு ஏலத்தில் முன்னுரிமை உண்டு. பத்து லட்சம் என்பதால் துணிந்தோம்.

புரோக்கர் ஆபீஸில் ஒப்பந்தம் படிக்கும்போது தங்கை ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: வடக்குச் சுவரின் பூசணத்தைச் சுரண்டி, புது வால்பேப்பர் ஒட்டித் தர வேண்டும். வீட்டுக்காரம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். "பூசணமா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். மூன்று முறை சொல்லியும் அந்தச் செய்தி ஒரு மாடி ஏறவில்லை. நாலாம் நாள் காலையில் ஆள் வந்து பழைய பேப்பரைக் கிழித்து, சுவரைக் காயவைத்து, உள்ளே ஒரு ஃபோம் ஷீட் வைத்து ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கல்மா-தோங் பகுதி அரசு அலுவலகத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தின் மூலையில் தேதி முத்திரை ஒன்றைக் குத்தினாள். கட்டணம் 600 வொன். தங்கை அந்தத் தாளை அங்கேயே நின்று படம் எடுத்தாள். வாடகைதாரர் என்ற கட்டத்தில், கொரிய எழுத்தில், அவள் பெயர்.